நாலு உள்ளே, ஆறு வெளியே

சோமசேகரம் ஒட்சிசன் மெஷினின் சுவிச்சை மூன்றாவது தடவையாக நிறுத்தி மறுபடி போட்டார். மத்தியானம் அடித்த காற்றில் கரண்ட் போய்விட்டதென்று அவருக்குத் தெரியும். விசிறியும் நின்றுதான் கிடந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

கட்டிலில் தலையணைகளோடு சாய்ந்திருந்த மனைவி ஞானாம்பிகையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. நுரையீரல் இறுகிப்போகும் வருத்தம். மூன்று மாதமாக அந்த மெஷின் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் வெறுமையாகக் கிடந்தது. திங்கட்கிழமையே மாற்றி எடுத்துவரச் சொன்னாள். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவேண்டும், நாளைக்குப் போகிறேன் என்றவர் இவர்தான். இன்று வியாழன்.

"அம்புலன்ஸ் தெல்லிப்பழையிலை இருந்து வெளிக்கிட்டிட்டுதாம். இருவது நிமிசமாம். பக்கத்துவீட்டு றஞ்சித் சிலிண்டர் எடுக்கப் போயிட்டான். கடை பூட்டியிருந்தா? றோட்டிலை மரம் விழுந்து கிடந்தா? நான் என்ன செய்ய, ஞானம்?"

சொல்லச் சொல்ல அவருடைய நெஞ்சே அடைத்துக்கொண்டது. இழுத்த மூச்சு தொண்டைக்குக் கீழே போகவில்லை. அறுபத்தெட்டு வயது மனுசனுக்குச் சின்னப்பிள்ளையின் பயம்.

"இஞ்சேருங்கோ." அவள் கையை நீட்டினாள். "வந்து... இருங்கோ. நாலு எண்ணி இழுங்கோ. ஆறு எண்ணி... விடுங்கோ."

ஆறு வருடமாக விடியற்காலையில் பாயில் இருந்தபடி அவள் செய்துவந்த மூச்சுப் பயிற்சி அது. "சும்மா வாற காத்துக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுறாய்? தேத்தண்ணியைப் போடன்" என்று ஒருநாள் விடாமல் பகிடி பண்ணியிருக்கிறார். அவள் கண் திறக்கமாட்டாள். எண்ணி முடித்த பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

"அம்புலன்ஸ்..."

"அது பிறகு. இப்ப... இந்த மூச்சு மட்டும்."

அதற்குமேல் அவளுக்குக் குரல் வரவில்லை. அவருடைய உள்ளங்கையில் விரலால் தட்டினாள். நாலு தட்டு, இழுத்தார். ஆறு தட்டு, விட்டார். தனக்கே காற்றுப் போதாதவள் இவருக்காக எண்ணுகிறாள் என்பது அவருக்கு விளங்கியது. போதும் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்திவிட்டால் தான் என்ன ஆவேன் என்ற பயத்தில் சொல்லவில்லை.

நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒழுங்கையில் மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை. நாலு தட்டு, இழுத்தார். விடத் தொடங்கினார். ஒரு தட்டு, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

விரல் உள்ளங்கையில் அப்படியே கிடந்தது.

றஞ்சித் சிலிண்டரைத் தோளில் சுமந்தபடி உள்ளே ஓடிவந்தான். கட்டிலைப் பார்த்தான். பிறகு சத்தம் வராமல் அதை நிலத்தில் இறக்கி வைத்தான்.

"அண்ணை," என்றான். சோமசேகரத்தின் முகம் சிவந்து வருவதைக் கண்டு கிட்டப் போய்த் தோளைத் தொட்டான். "அண்ணை, மூச்சை விடுங்கோ."

அவர் விடவில்லை. மிச்சக் காற்றை அடக்கிக்கொண்டு, கையை ஆட்டாமல் அசைக்காமல் விரித்தபடியே வைத்திருந்தார்.