அப்பாகிட்ட சொல்லு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பாலர் பள்ளியிலிருந்து போன் வந்ததும் தையல்காரி பாதி தைத்த காலரை மிஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுடைய நாலு வயது மகள் சிட்டு, கூட இருக்கிற பிள்ளைகளைக் கிள்ளுகிறாளாம். இந்த வாரம் மட்டும் ஐந்து பேர். இப்படியே போனால் சிட்டுவைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வாசலிலேயே டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு வாயில விரல வச்சாக்கூட கடிக்கத் தெரியாதவ டீச்சர். மத்த பிள்ளைங்க அவள என்ன பண்ணுச்சுங்கன்னு கேட்டீங்களா?"

டீச்சர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்தக் கதவுக்குப் பின்னால நின்னு சத்தம் போடாம பாருங்கம்மா. வீட்டு விளையாட்டு நடக்குது" என்றார்.

உள்ளே ஒரு குட்டி நாற்காலியில் சிட்டு. எதிர் மூலையில் இன்னொரு நாற்காலியில், அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கரடி பொம்மை. இரட்டைச் சடை போட்ட ஒரு வாண்டைக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட போய்க் கேளு, சாவி எங்கன்னு" என்றாள் சிட்டு. அது கரடியிடம் போய் விழித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"அப்பா ஒண்ணும் சொல்லல."

சிட்டு அதன் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். "ஒரு வேலைய ஒழுங்கா செய்ய மாட்டியா? அப்படியே அப்பன் புத்தி!"

தையல்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சொல் அவளுடையது. சொல்லிவிட்டு விட்ட பெருமூச்சுகூட அவளுடையதுதான்.

அவளும் பஸ் ஓட்டுகிற அவள் புருஷனும் பேசி இரண்டு மாதம் ஆகிறது. அவளைக் கேட்காமல் அவன் தன் தம்பியை வீட்டில் தங்கச் சொன்னதில் ஆரம்பித்தது. தம்பி வந்து, போயும் விட்டான். சண்டை மட்டும் தங்கிவிட்டது. பிள்ளைக்கு முன்னால் கத்துவதில்லை, கை ஓங்குவதில்லை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு. "அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சு." "அம்மாகிட்ட சொல்லு, எனக்குக் காலையில டூட்டி." சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சிட்டு ஓடிக்கொண்டே இருந்தாள். நேற்றும் அவன் சொன்ன நேரத்தைப் பிள்ளை மாற்றிச் சொல்லிவிட்டது. ஆத்திரம் அவன் மேல். அகப்பட்டது பிள்ளையின் கை. கண்ணியமாம், கண்ணியம்! கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டினாள்.

நிமிர்ந்தபோது கதவின் மறுபக்கம் புருஷன் நின்றான், காக்கிச் சட்டையோடு. டீச்சர் அவனையும் வரச் சொல்லியிருக்கிறார். அவன் முகத்தைப் பார்த்ததுமே, அவனும் கரடியைப் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது.

"நேத்து அவளக் கிள்ளுனது நான்தாங்க" என்றாள், அவனிடமே.

அவன் தரையைப் பார்த்தான். "முந்தாநாள் நான் தலையில குட்டுனேன்."

அதற்குள் சிட்டு அவர்களைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட என்னம்மா சொல்லணும்? இன்னிக்கு சரியா சொல்லிடுவேன்."