பி பக்கத்தின் கடைசி நான்கு நிமிடங்கள்

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு வருத்தக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். "சென்ற இதழில் வெளியான என் கட்டுரையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது" என்று தொடங்கி, என்ன பிழை என்று சொல்ல வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. (பேனா என்பது பழக்கத்தில் வந்துவிட்ட சொல். லேப்டாப்தான்.) ஏழெட்டு வரியில் முடிக்கலாம் என்று நினைத்தது என் தப்பு.

ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில் எங்கள் ஃபிளாட்டின் சின்ன அறையில் பாதியை என் ராக் இசைத் தொகுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் கேசட்டுகள், கொஞ்சம் சிடிக்கள். என் மனைவி அகல்யா அதை 'உங்க கோடவுன்' என்பாள். ஒரு சிறுபத்திரிகையில் மாதம் ஓர் ஆல்பமாக அவற்றைப் பற்றி எழுதிவருகிறேன். எட்டாவது கட்டுரை 'சால்ட் ஹார்பர்' என்ற ஆங்கிலேயக் குழுவின் ஆல்பத்தைப் பற்றியது.*

* குழுவின் பெயர் நான் வைத்தது. உண்மைப் பெயரைப் போட்டால் கதையைப் பாதியில் விட்டுவிட்டு நீங்கள் போனில் பாட்டுத் தேடப் போய்விடுவீர்கள்.

அந்தக் கேசட்டின் பி பக்கத்தில் கடைசியாக நான்கு நிமிடம் ஒரு பெண் குரல் வரும். சொற்களே கிடையாது. ஒற்றைக் கிதார், அதன்மேல் அந்தக் குரல். மேலே மேலே ஏறிப்போய், உச்சியைத் தொடப்போகும் நேரத்தில் தொடாமல் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிடும். இருபத்தெட்டு வருடமாகக் கேட்கிறேன், ஒவ்வொரு தடவையும் இந்தமுறை தொட்டுவிடுமோ என்று காத்திருக்கிறேன். வட இங்கிலாந்தின் துறைமுகக் குளிர் அந்தக் குரலில் இருப்பதாக எழுதினேன். மூன்றாவது நிமிடத்தில் தூரத்தில் கேட்கும் கப்பல் சங்கைத் 'துணிச்சலான கலைத்தேர்வு' என்று பாராட்டினேன்.

இதழ் வந்த வாரமே மாங்காட்டிலிருந்து சுவேதா என்ற வாசகி எழுதியிருந்தார். "சார், அந்த ஆல்பத்துல பெண் குரலே இல்ல. கிடைச்ச எல்லா பதிப்பையும் தேடிக் கேட்டுட்டேன். நீங்க கேட்டது என்னது?"

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பழைய கேசட் ஒன்று தன் ரகசியத்தை—"

வேண்டாம். மழை பெய்யவில்லை. ஆவடியில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாம் முயற்சி: "உலகில் இருவகை ரசிகர்கள் உண்டு. ஏ பக்கத்தோடு தூங்கிவிடுபவர்கள், மற்றும்—"

இதை எழுதியவனோடு நானே டீ குடிக்க மாட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். 1997-இல் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்ரண்டிஸ். ஒரிஜினல் கேசட் வாங்குவதெல்லாம் கனவு. பக்கத்து ஊரான பாடியில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட் கொடுத்தால் கேட்ட ஆல்பத்தை அதில் பதிந்து தருவார்கள். இதில் ஒரு வழக்கம் உண்டு, அந்தக் காலத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆல்பம் ஐம்பது நிமிடம், கேசட் அறுபது நிமிடம் என்றால் கடைசியில் பத்து நிமிடம் காலியாகக் கிடக்கும். காலியாக விட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால் கடைக்காரரே கையில் கிடைத்த எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். என் நண்பன் ஒருவனின் ஹெவி மெட்டல் கேசட் ஐயப்பன் பாட்டில் முடியும்.

என் கேசட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. கடைக்காரர் இடைவெளி நிரப்பப் போட்டதை எடுத்துவைத்து, இங்கிலாந்தின் குளிர் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. அரைமணி நேரத்தில் வெட்கம் போய், வேறொன்று பிடித்துக்கொண்டது. அப்படியானால் பாடியது யார்?

3

கேசட் அட்டையில் கடையின் முத்திரை மங்கலாக இருந்தது. கடை இருந்த இடத்தின் தலைக்குமேல் இப்போது மேம்பாலம் போகிறது. இரண்டு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை என்று விசாரித்து, உள் தெருவில் அமல்ராஜைப் பிடித்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இப்போது சிசிடிவி கேமரா மாட்டித் தருகிறார். கீழே கடை, மேலே வீடு.

போனில் பதிந்து எடுத்துப்போயிருந்த முதல் பத்து விநாடியைப் போட்டேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தார்.

"நிறுத்து சார். இது உங்களாண்ட எப்டி வந்துச்சு?"

"நீங்க பதிஞ்சு குடுத்ததுதான். தொண்ணூத்தேழுல."

"கேசட்டு கீதா இன்னும்?"

"இருக்கு. நல்லாப் பாடுது. யாருங்க இது?"

அவர் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"என் ஊட்டுக்காரம்மா சார். ரேகா. அப்போ கல்யாணம் ஆவல. தோ, பழைய கடைக்குப் பின்னாடி ரூம்புல, செவுத்துல மெத்தையெல்லாம் சாச்சி வச்சிகினு எடுத்தோம். மே மாசம். ஃபேன் போட்டா சத்தம் வரும்னு போடல. வேர்த்து ஊத்துது எல்லாருக்கும். கிதார் வாசிச்சது ஷிப்ட்டு முடிச்சிகினு வந்த ஃபேக்டரிப் பையன்."

"மூணாவது நிமிஷத்துல ஒரு சங்கு..."

"சங்கா? லாரி சார் அது! ரோட்டாண்ட எவனோ கட்டைல போறவன் ஆரன் அடிச்சிட்டான். அத்தொட்டுத்தான் இன்னொரு தபா எடுக்கலாம்னு இருந்தோம்."

துறைமுகக் குளிர் அத்தோடு முடிந்தது.

4

(இந்த இடத்தில் அமல்ராஜ் என்ற பாத்திரம் மீது எனக்குச் சந்தேகம் வருகிறது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கும் வரும். அவரைக் கொஞ்சம் மெருகேற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செய்யவில்லை.)

அந்தக் கிதார்காரப் பையனுக்குப் பெங்களூரில் ஒரு ஓட்டல் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. பாட்டுக்கும் ஆள் கேட்டார்கள். ரேகா போகத் தயார். குரலுக்கு மாதிரி அனுப்ப இந்த டேப் ஒன்றுதான் இருந்தது. அமல்ராஜ் அவளிடம் டேப் மெஷினில் சிக்கி நாசமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

"போனா திரும்பி வரமாட்டான்னு பயம் சார். வேற இன்னா சொல்றது? பயந்துட்டேன். பையன் மட்டும் பெங்களூர் போய்ட்டான். மறுவருசம் எங்களுக்குக் கல்யாணம்."

"அப்புறம் பாடவே இல்லையா?"

"என் குரல் மிசினுக்கே புடிக்கலன்னு ரெண்டு தபா சிரிச்சிகினே சொன்னா. அப்பால வுட்டுட்டா."

"அப்ப டேப்பை அழிச்சிருக்கலாமே. ஏன் என் கேசட்ல போட்டீங்க?"

"அழிக்க மனசு வரல. கூட வச்சிக்கவும் பயம். இடம் மிச்சம் கீற கேசட்ல எல்லாம் போட்டுவுட்டேன். முப்பது, நாப்பது இருக்கும். யாரு ஊட்லயாச்சும் பாடிகினு இருக்கட்டுமேன்னு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரிஜினல் வெள்ளத்துல பூட்ச்சு. சார், அந்தக் கேசட்ட எட்த்துகினு வா சார். ஒரு தபா முழுசாக் கேக்கணும். அவ ஊட்ல இல்லாதப்ப."

எனக்குக் கோபம் வந்தது. அதே நேரம் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. நாற்பது பேர் வீட்டில் அவள் குரலைப் பத்திரப்படுத்திவிட்டு, அவளிடம் மட்டும் இல்லை என்று சொன்ன மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

5

ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் உள்ளே வந்தார். கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. ரேகாவுக்கு ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை என்று அமல்ராஜ் முன்பே சொல்லியிருந்தார்.

"இன்னாத்துக்கு பட்டப்பகல்ல ஷட்டர எறக்கி வச்சிகினு கீற? யாரு இவரு?"

"கேமரா விசயமா வந்துகிறாரு."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "கேமரா போடறதா இருந்தா வாரண்டிய பேப்பர்ல எழுதி வாங்கிக்குங்க சார். இவரு வாயால சொல்றதெல்லாம் நம்பாதீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "தொண்ட கட்டிக்கிச்சு. தினம் மூணரைக்கு ஸ்கூல் வுட்டதும் மைக்ல வேன் நம்பர் கத்தி கத்தி. டீ போடட்டா?"

அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். என் சட்டைப்பையில் போன் இருந்தது. பத்து விநாடியும் அதில் இருந்தது. அமல்ராஜ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க, கிளம்பறேன்" என்றேன்.

6

முடிவுகள்.

அ. நான் கேசட்டை ரேகாவிடம் கொடுக்கிறேன். அவர் கேட்கிறார். கண்ணீர் பெருக்கெ— இல்லை. எனக்கு அவரை மூன்று நிமிடம்தான் தெரியும். அவர் அழக்கூடியவரா, ஸ்க்ரூடிரைவரை எடுத்து வீசக்கூடியவரா என்று நான் எப்படிச் சொல்வது? கட்டுரையில் செய்த அதே தப்பு.

ஆ. அமல்ராஜே மனைவியிடம் உண்மையைச் சொல்கிறார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இ. நடந்தது. மறுவாரம் அமல்ராஜ் போன் செய்தார். "சார், நாளைக்கு அவ சர்ச்சுல மீட்டிங்னு போறா. எட்த்துகினு வரியா?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "சாரிங்க. நேத்து போட்டேன், டேப் மெஷின்ல சிக்கிடுச்சு. போயிடுச்சு."

"செரி சார்" என்று வைத்துவிட்டார்.

அகல்யா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, காலையில கூட பாடிச்சே அது?"

அவருக்குத் தண்டனை கொடுத்ததாக முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அகல்யா கேட்ட பிறகு அது நிற்கவில்லை. கேட்டதும் தன்னிடமே வைத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அந்த நான்கு நிமிடம் என் அலமாரியை விட்டுப் போகக்கூடாது. இருபத்தெட்டு வருடமாக என்னுடையது என்று நினைத்திருக்கிறேன். அமல்ராஜின் பொய்யையே எடுத்து, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அவரிடமே சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அதனால்தான் வருத்தக் குறிப்பு கதையாகிவிட்டது. இந்தப் பத்திரிகை நானூறு பிரதி போகும். நேரில் சொல்லத் தைரியமில்லாததை முன்பின் தெரியாத நானூறு வீடுகளுக்கு அனுப்பிவைக்கிறேன். (இதையும் அமல்ராஜிடம்தான் கற்றேன் போலிருக்கிறது.)

7

முடிவை என்னால் எழுத முடியாது. ஆனால் அது உங்களில் சிலர் வீட்டில் இருக்கலாம்.

1997-ஐ ஒட்டிப் பாடிப் பக்கம் கேசட் பதிந்தவர் நீங்கள் என்றால், பரணிலிருந்து பெட்டியை இறக்குங்கள். ஆல்பம் முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். பி பக்கம் தானாக நிற்கும்வரை ஓடட்டும். லாரி ஆரன் கேட்டால் அதுதான்.

கிடைத்தால் எனக்கு எழுத வேண்டாம், நேரே அவரிடம் கொண்டுபோங்கள். ரேகா என்பது அவர் பெயரல்ல. பெயரை மாற்றினேன், பள்ளியைச் சொல்லவில்லை, ஆனாலும் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. மூன்றரைக்கு ஆவடிப் பள்ளிகளுக்கு வெளியே கொஞ்சம் காதுகொடுத்தால் போதும், நாற்பது கேசட்டில் ஒன்றைக் கேட்டவருக்கு அடையாளம் தெரியும். அவர் அதை விரும்புவாரா என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவாவது அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும், அது மட்டும் தெரியும்.

நான் மூன்று நாள் அந்தப் பள்ளி வாசலுக்குப் போனேன். கேசட் பையில்தான் இருந்தது. ஏழாம் எண் வேனை அழைத்ததும் அவர் மைக்கை அணைத்துவிடுகிறார். நான் ஒவ்வொரு நாளும் எட்டாவது வேன் ஒன்று இருக்கும், அப்போது உள்ளே போகலாம் என்று நின்றுகொண்டிருந்தேன். இல்லை. ஏழுதான். நீங்கள் ஆறாவது வேனுக்கே உள்ளே போய்விடுங்கள்.