குருவியின் அளவு

சுடுமண் சிலை செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சூளையில் மண் சுருங்கும். அதனால் பத்து விரலுக்கு ஒரு விரல் கூட்டிச் செய்ய வேண்டும். பதினான்கு வருடமாக என் மனைவி இதில் தவறியதே இல்லை.

வீடில்லாத குழந்தைகளைப் பற்றி ஒரு சிலை வேண்டும், பேருந்து நிலைய வாசலில் வைக்கப்போகிறோம் என்று ஒரு குழுவினர் கேட்டிருந்தார்கள். அதே வாசலில் அட்டை விரித்துத் தூங்கும் ஆறு வயதுச் சிறுமியை இவள் பட்டறைக்கு அழைத்து வந்தாள். குருவி என்று கூப்பிட்டோம். தரையில் சுருண்டு படுப்பாள். இவள் நூல் பிடித்து அளப்பாள்.

"தூங்கினா சோறு போடுறாங்க மாமா. அக்காவுக்கு விவரம் பத்தல" என்பாள் குருவி, கண்ணை மூடிக்கொண்டே.

எங்களுக்குக் குழந்தை இல்லை. "முறையா எழுதிக் கேட்டு நாமளே வளர்க்கலாங்க" என்று இவள் மூன்று தரம் சொன்னாள். சிலை முடியட்டும் என்று மூன்று தரமும் சொன்னேன்.

பீடம் கட்ட அந்த வாசலைக் கழுவிக் கம்பி வேலி போட்டார்கள். அன்றோடு குருவியைக் காணவில்லை. காவல் நிலையத்தில் அப்பா பெயர் கேட்டார்கள். தெரியாது என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

சிலையைச் சூளைக்குத் தூக்கும்போது கைக்கு லேசாக இருந்தது. அளந்து பார்த்தேன். ஒரு விரல்கூடக் கூட்டவில்லை.

"சுட்டா நாலு வயசுப் பிள்ளை மாதிரி ஆயிடும். மறந்துட்டியா?"

"இல்ல. கூட்டினா அது அவ இல்லையே."

"சுடலைன்னா மழையில கரைஞ்சிடும்."

"தெரியும்."

வேறு செய்ய நாள் இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சூளைக்குள் வைத்தோம். அவள் அழவில்லை. நானும் அழவில்லை.

திறப்பன்று குழுத் தலைவர், "சின்னதா இருக்கிறதுதான் மனசைப் பிசையுது" என்று பாராட்டினார். இவள் கைகூப்பினாள்.

வீட்டுக்குத் திரும்பப் பேருந்தில் ஏறினோம். கண்டக்டர் வந்தார்.

"கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு" என்றேன்.

"நம்ம வீடு அஞ்சாவது ஸ்டாப்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"அங்கயும் ஒரு பஸ் ஸ்டாண்டு இருக்கு. பார்த்துட்டு வருவோம்."

அவள் திரும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.