புட்டா என்கிற கெட்ட வார்த்தை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. உயர்ந்த கதைகள் துக்கத்தில்தான் பிறக்கும் என்பார்கள். என்னுடையது காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஜரிகைக் கடை ஒன்றின் மாடியில், சட்டையெல்லாம் டீ சிந்த நான் சிரித்ததில் பிறந்தது.

அந்த மாடியில் சுகாசினி என்ற பெண் உட்கார்ந்து ஆப் எழுதுகிறாள். கல்யாண வீட்டார் புடவையின் நிறம், கரை, புட்டா எல்லாவற்றையும் போனிலேயே பொருத்திப் பார்த்து நெசவாளரிடம் சொல்லிவிடலாம். ஆப்பின் பெயரும் ‘புட்டா’தான். ஆப்புகள் விற்கிற பெரிய கடை ஒன்று இருக்கிறதே (பெயர் வேண்டாம்), அது இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் வாசித்து, மனிதர் உட்காரப் பயன்படும் உறுப்பு என்று முடிவு கட்டி, ஆபாசம் என்று ஆப்பைத் தூக்கிவிட்டது.*

* புட்டா என்பது புடவை உடலில் அங்கங்கே வரும் மயில், பூ, மாங்காய். இதில் ஆபாசமாக நான் எதையும் கண்டதில்லை. மாங்காயைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால்… வேண்டாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “கோபுரத்தின் மேல் பொழுது புலர்ந்துகொண்டிருந்தபோது சுகாசினி—”

[கைவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதும் எல்லோருக்கும் கோபுரத்தில்தான் விடிகிறது. சுகாசினி அந்த நேரத்தில் எழுந்ததே இல்லை.]

அடுத்தது: “சுகாசினி முறையிட்டாள்.” இது தேவலை. ‘கவனமாகப் பரிசீலித்தோம், நிராகரிக்கிறோம்’ என்ற பதில், அவள் போனைக் கீழே வைப்பதற்குள் வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாவதும் போனால் அவள் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். அதோடு தொடர்புள்ள கணக்குகளையும் மூடுவார்கள். இது அந்தக் கடையின் சட்டம்.

அதே அறையில், அதே இணைய இணைப்பில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். கலீல், தையல்காரர்களுக்கான அளவு ஆப் செய்கிறவர். நதியா, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்களின் நேரம் சொல்லும் ஆப்புக்குச் சொந்தக்காரி. எனக்குச் சிரிப்பு நின்றது இங்கேதான்.

3

“பேர மாத்திட்டா முடிஞ்சுது. இங்கிலீஷ்ல மோட்டிஃப்னு வெச்சிக்கம்மா” என்றார் கலீல்.

“யாரு பாய் அப்டி தேடுவாங்க? ஊரே புட்டான்னு சொல்லிக்கினு இருக்குது. நான் மட்டும் ஏதோ தப்பு செஞ்ச மாதிரி மாத்தணுமா?”

நதியா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்ப நாம எல்லாருமே புட்டான்னு வெச்சிக்கலாம்பா. ஒரு ஆப்ப தூக்கறது ஈஸி. ஊரையே தூக்குவாங்களா?”

“என்னுது இன்னா, புட்டா டெய்லரா?”

“என்னுது புட்டா பஸ். சீட்டு இருக்குதுல்ல, பொருத்தம்தான்!”

வாட்ஸப்பில் செய்தி போனது. ஆரணி, சேலம், மதுரையிலிருந்தெல்லாம் ஆப் எழுதுகிறவர்கள் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை, சுகாசினி மூன்றாம் முறையீட்டை அனுப்பும் அதே நேரத்தில், எல்லோரும் பெயரை மாற்றி அனுப்புவது என்று முடிவானது.

4

நான் எழுதிய கலீல் மீது எனக்கே சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். கலீலே படித்துப் பார்த்துவிட்டுப் பிரதியைத் திருப்பித் தந்தார்.

“எனக்கு மீசையே இல்ல சார். பயந்துக்கினுதான் இருந்தேன். வீட்ல அடுப்பு எரியறதே அந்த ஆப்புலதான். மவுசு மேல கைய வெச்சிட்டு, எடுத்துட்டு, மறுபடி வெச்சேன். அத எழுதுங்க.”

எழுதிவிட்டேன். இந்தக் கலீலைத்தான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

5

முடிவுகள்.

(அ) கடை மன்னிப்புக் கேட்கிறது. [நானே நம்பவில்லை.]

(ஆ) எல்லாக் கணக்குகளும் மூடப்படுகின்றன. மூவரும் கம்பெனி வேலைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். நதியாவின் ஆப் இல்லாததால் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாமல்— [எழுதும்போது சிரித்தேன். சுகாசினி படித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள். எடுத்துவிட்டேன்.]

(இ) உண்மையில் நடந்தது: எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று திரை சொல்கிறது. இந்த முறை பதில் உடனே வரவில்லை. கடைக்குள் யாரோ ஒரு மனிதர் தலையைச் சொறிகிறார் என்று நம்புகிறோம்.

6

கதையை இந்த நிலையில்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் லோகேஸ்வரன் போனில் கூப்பிட்டார்.

“கதை ஜோர் சார். தலைப்புதான்… நம்ம பத்திரிகை ஆப்பும் அதே கடையிலதான இருக்குது? ‘பூ வேலைப்பாடு’ன்னு போட்டுக்கலாமா?”

அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும், எனக்கும் வேறு பத்திரிகை இல்லை. “நாலாம் பகுதிய இன்னொரு தடவை படிங்க. அப்புறம் உங்க இஷ்டம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே வாசகரே, மேலே போய்த் தலைப்பைப் பாருங்கள். ‘பூ வேலைப்பாடு’ என்றிருந்தால் நான் கொஞ்ச நாள் காந்தி ரோட்டுப் பக்கம் போகமாட்டேன். ‘புட்டா’ என்றிருந்தால், லோகேஸ்வரனும் பொத்தானில் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துவிட்டார்.

இனி உங்கள் முறை. போனில் அந்தக் கடையைத் திறந்து, அந்தக் கெட்ட வார்த்தையைத் தட்டுங்கள். ஒன்றும் வராவிட்டால் நாளைக்கும் தட்டுங்கள். பத்துப் பேர் வந்து கேட்கிற சரக்கை எந்தக் கடைக்காரரும் அதிக நாள் இல்லையென்று சொல்லமாட்டார். தையல்காரரும் பஸ்ஸும் புடவையும் வரிசையாக வந்து நின்றால், புடவையைத் தொட்டு உள்ளே போங்கள். சுகாசினி காத்திருப்பாள்.

மாங்காயை மட்டும் ரொம்ப உற்றுப் பார்க்காதீர்கள்.