ஆளுநரின் கண் பரிசோதனை

மாநில ஆளுநர் பதவிக்கு இந்தத் தலைமுறையில் என்னைவிடத் தகுதியானவன் பிறக்கவில்லை. இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆதாரம் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இருக்கிறது. போன தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. யாரை ஆட்சியமைக்க அழைப்பீர்கள் என்று கேட்டவர்களிடம் எங்கள் ஆளுநர், "பரிசீலிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண் பரிசோதனைக்குப் போய்விட்டார். நான் எழுதினேன்: 'பெரிய கட்சியை முதலில் அழைக்க என்ன தயக்கம்? ஆளுநருக்குப் பேனா கட்டாயம்; முதுகெலும்பு விருப்பப் பாடம்.' கல்லூரியே சிரித்தது. அரசியல் பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"ரொம்பத் தெரியுமோ? நம்ம காலேஜ்ல நடக்கப்போற மாதிரிச் சட்டசபைக்கு நீதான் ஆளுநர்."

மாதிரிச் சட்டசபைத் தேர்தலும் இழுபறியில் முடிந்தது. அதிக இடம் அதே கல்லூரியில் படிக்கும் என் அக்காவின் அணிக்கு. ஆனால் பாதியைத் தாண்டவில்லை. அடுத்து வந்தவன் என் பெஞ்சுக்காரன் சோடாபுட்டி. நடுவில் நின்ற சுயேச்சைகளோ, நான் யாரை அழைக்கிறேனோ அவர் பக்கம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, நான் கைகாட்டுபவர்தான் முதலமைச்சர். முதலமைச்சர்தான் கல்லூரி சார்பில் தலைநகரில் நடக்கும் மாணவர் மாநாட்டில் பேசப் போவார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நான் கையெழுத்துப் போட்டுப் பெயர் போகாவிட்டால், வாய்ப்பு பக்கத்துக் கல்லூரிக்கு.

அக்கா குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று பேசிப் பேசி, கண்ணாடிக்கே அரசியல் அலுத்திருந்தது.

"டேய், பெரிய கட்சியைத்தானே முதல்ல கூப்பிடணும்? நீயே எழுதினியே!"

"எழுதினேன்தான்."

"அப்புறம் என்ன முழிக்கிற? இனிமே உன் சட்டையை நீயே தேய்ச்சுக்கோ."

சோடாபுட்டி வேறு வழியில் வந்தான். "மச்சான், நீ வராத வகுப்புக்கெல்லாம் உன் குரல்ல 'உள்ளேன் ஐயா' சொன்னது யாரு? என் தொண்டைக்கு ஒரு மரியாதை கிடையாதா?"

அம்மாவிடம் முறையிட்டேன்.

"அவ உன் கூடப்பிறந்தவ. அவன் நம்ம வீட்டுல கை நனைக்கிற பிள்ளை. யார் மனசும் கோணாம முடிச்சிடுப்பா."

இவ்வளவு குழப்பமான பிரிவு எந்த அரசியல் சாசனத்திலும் கிடையாது.

நியாயம் அக்கா பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்காவை அழைத்தால் 'குடும்ப ஆட்சி' என்று சுவர்ப் பத்திரிகையில் எவனாவது எழுதுவான். எப்படிப்பட்டவன் எழுதுவான் என்றும் தெரியும். அப்படிப்பட்டவனோடுதான் இத்தனை வருஷமாக ஒரே உடம்பில் குடியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியை வழிமறித்தார். "முடிவு?"

"பரிசீலிக்கிறேன் மேடம்."

அங்கிருந்து நேராகப் பேருந்து பிடித்துக் கண் மருத்துவமனைக்கு வந்துவிட்டேன்.

"பார்வையில என்ன கோளாறு தம்பி?" என்றார் நர்ஸ்.

"தெரியல சிஸ்டர். அதான் பார்க்க வந்தேன்."

வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டார். "ராத்திரி வரைக்கும் படிக்க வேண்டாம், எழுத வேண்டாம்."

"கையெழுத்து?"

"அதுவும்தான்."

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. தேய்க்காத சட்டை.

"இன்னொரு கண்ணுக்கும் விட்டுடுங்க சிஸ்டர்" என்று தலையைச் சாய்த்துக்கொண்டேன்.