ஹைட்ரஜனுக்கு இடம்

கலையரசன் சாருக்கு வாய் சும்மா இருக்காது. உடையார்பாளையம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியலுக்கு அவர் ஒருவர்தான். பாடத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகளை விட அவருடைய கிண்டலுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள்தான் அதிகம். அதில் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை. பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தெரியாதவன் எல்லாம் என்ன வாத்தியார் என்று ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார்.

2004-இல் பெரம்பலூரில் மாவட்ட அறிவியல் நாடகப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, தனிம வரிசை அட்டவணை பிறந்த கதை. "நீங்களே எழுதிடுங்க சார், ஒங்களுக்குத்தான் வசனம் வரும்" என்று தலைமை ஆசிரியை பரிமளா சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரெண்டே நாளில் எழுதி முடித்துவிட்டார்.

நாடகம் மோசமில்லை. கடைசிக் காட்சியில் மெண்டலீவ், பஸ்ஸில் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பதுபோல, இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்களுக்கு இடம் விட்டு வைப்பார். அதற்கு முந்தின காட்சிதான் சிரிப்புக் காட்சி. லண்டனில் நியூலாண்ட்ஸ் என்கிற இளைஞர் தனிமங்களை எடைப்படி அடுக்கிப் பார்க்கிறார். ச ரி க ம பாடினால் எட்டாவதாக மறுபடி ச வருகிறதல்லவா, அதுபோல எட்டாவது தனிமத்துக்கு முதல் தனிமத்தின் குணம் திரும்ப வருகிறது. அதை வேதியியல் சங்கத்தில் எடுத்துச் சொல்கிறார். உடனே ஒரு பெரிய மனிதர் எழுந்து, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். சபையே கைகொட்டிச் சிரிக்கிறது.

பள்ளி விட்ட பிறகு ஒத்திகை. நியூலாண்ட்ஸ் வேஷம் மணிவேலுக்கு. அவன் நன்றாகவே செய்தான். சபையாக நின்ற பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஹஹ்ஹஹ்ஹா என்று எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலச் சிரித்தார்கள்.

"என்னடா இது, எழவு வூட்டுல சிரிக்கிற மாதிரி? அந்த ஆளு கூனிக் குறுகிப் போவணும். அப்படிச் சிரிங்க" என்றார் சார்.

பெரிய மனிதராக நடித்த அரவிந்தன், புரிந்துகொண்டவனாகத் தலையாட்டினான். "அன்னைக்கு நம்ம கிளாஸ்ல இலக்கியாவப் பாத்து சிரிச்சமே, அப்படியா சார்?"

அவன் குத்திக்காட்டவில்லை. சந்தேகம்தான் கேட்டான். எல்லோரும் அதை நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். காட்சி பிரமாதமாக வந்தது. கலையரசனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

இலக்கியா, முந்திரிக்கொல்லை வைத்திருக்கும் கொளஞ்சியப்பன் மகள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் பள்ளிக்கே முதல் மதிப்பெண். கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்றுதான் பயாலஜி குரூப்பில் சேர்ந்தாள். ஜூலையில் ஒருநாள் எழுந்து கேட்டாள்: "சார், சோடியம், பொட்டாசியம் எல்லாம் உலோகம். ஹைட்ரஜன் வாயு. அத ஏன் அதுங்க தலைக்கு மேல வச்சிருக்காங்க? ஃப்ளூரின் பக்கம் வச்சாலும் பொருந்துதே?"

ஹைட்ரஜனின் இடம் தெளிவாகத் தீர்மானிக்கப்படவில்லை என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். வருடா வருடம் அவர் அதை ஒப்பித்தவர்தான். ஏன் என்று அதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அவருக்கும் தெரியாது.

"அதுக்கு எடம் பத்தலன்னா ஒங்க முந்திரிக்கொல்லையில கொண்டு போயி வச்சுக்கம்மா" என்றார்.

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் ஹைட்ரஜன். ஏய் ஹைட்ரஜன், ஒனக்கு எந்த பெஞ்சு என்று பையன்கள் கேட்பது அவர் காதிலும் விழுந்தது. அவரும் சிரித்தார். ஆகஸ்டில் அவள் காமர்ஸுக்கு மாறிப் போய்விட்டாள். வகுப்பில் ஒருத்தி குறைந்ததைக் கவனித்தவர் காரணம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ.

ஒத்திகையை நிறுத்திய அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாவம் பண்ணிவிட்டோம் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. காலையில் முதல் வேலையாகத் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இந்த மாசக் கடைசிக்குள்ள வந்தா குரூப்ப மாத்திக் கொடுத்துடலாம் சார். அதுக்கப்பறம் என்னால ஆவாது" என்றார் பரிமளா. மத்தியானம் இலக்கியாவைத் தண்ணீர்க் குழாய் அருகே பிடித்தார்.

"நீ கேட்டது சரியான கேள்விம்மா. பெரிய பெரிய ஆளுங்களே அதுக்கு இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. திரும்பி வந்துடு."

"பரவால்ல சார். இங்க நல்லாத்தான் இருக்கு."

"நான்தான் தப்பா பேசிட்டேன்."

அவள் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு ஒங்களுக்குப் பதில் தெரியுமா சார்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாதும்மா. தெரியாததாலதான் கிண்டல் பண்ணிட்டேன்."

"இத எங்கிட்ட தனியா சொல்றீங்களே சார். பஸ்ஸுல எங்கப்பா கூட இருக்கப்பவே ஹைட்ரஜன்னு கூப்புடுறாங்க. மொதல்ல சிரிச்சவங்கள்லாம் ஒங்க கிளாஸ்லல்ல இருக்காங்க?"

அவருக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. "நாளைக்கு என் பீரியடுக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்றேன். கேட்டுட்டு முடிவு பண்ணு" என்றார். அவள் டப்பாவை மூடிக்கொண்டே சரி என்றாள்.

மறுநாள் சொன்னபடி வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றாள். கையில் காமர்ஸ் புத்தகமும் இருந்தது, பழைய கெமிஸ்ட்ரி புத்தகமும் இருந்தது.

கலையரசன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "இலக்கியா அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டுச்சு. நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு அதக் கிண்டல் பண்ணேன். எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." கண்ணில் நீர் முட்ட, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

பின்பெஞ்சிலிருந்து அரவிந்தன் கைதட்டினான். "சார், சூப்பர் ஆக்டிங்! நியூலாண்ட்ஸ் வேஷத்த நீங்களே போட்டுடுங்க!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. முந்தாநாள் ஒத்திகையில் முதலில் வராத சிரிப்பெல்லாம் இப்போது வந்தது.

"சிரிக்காதீங்கடா! நெசமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினார். அவர் குரல் கீச்சென்று உடைந்ததில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன்பெஞ்சுப் பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இலக்கியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னதை அங்கே நிஜம் என்று நம்பியது அவள் ஒருத்திதான்.

"வரேன் சார். அக்கவுண்டன்சிக்கு நேரமாயிடுச்சு" என்றாள். கெமிஸ்ட்ரி புத்தகத்தை உள்ளே நீட்டி, முதல் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.