திருப்பிச் சொல்வது கூப்பிடுவது ஆகாது

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது இல்லை. பக்கத்து வரிசை வீட்டு நியுக் யின் போன மாதம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியின் ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். "கேளுங்கக்கா. கேட்டுட்டு நான் எவ்வளவு பெரிய முட்டாள்னு சொல்லுங்க" என்றாள். கேட்டேன். சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: மலேசியாவின் கோப்பெங் ஊரில் ஈயம் தீர்ந்துபோன பிறகும் ஹக்காச் சீனர்கள்…

வேண்டாம். ஈயத்தில் ஆரம்பித்தால் கப்பலேறி வந்த கதை வரைக்கும் கேட்பீர்கள்.

இரண்டாவது: மொழியியலில் முனைவர் பட்டம் படிக்கும் நியுக் யின், ஆய்வுக்காகத் தன் அம்மாவின் ஹக்கா பேச்சைப் பதிவு செய்ய…

இங்கேயே மாட்டிக்கொண்டேன். அந்தச் சொல்லை நான் எழுதக் கூடாது.

2

நியுக் யின்னுக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து தவறிவிட்டது. அடுத்தது வயிற்றில் இருந்தபோது கோயிலில் குறி பார்த்தவர், "பெத்தவளை அந்த முறை சொல்லிக் கூப்பிட்டா இந்தப் புள்ளையும் தங்காது" என்று சொல்லிவிட்டார். ஆகவே அவள் பேசப் பழகிய நாளிலிருந்து பெற்றவளை 'ஆசுக்மே' என்றுதான் கூப்பிடுகிறாள். சித்தப்பாவின் மனைவி என்று பொருள். எங்கள் தெருவில் இப்படிக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் சிலர் உண்டு, யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

தமிழில் அதைச் 'சித்தி' என்று எழுதிப் பார்த்தேன். உடனே நீங்கள் மாற்றாந்தாய்க் கொடுமைக்குத் தயாராகிவிடுவீர்கள். சூடு போடுவாளா, பட்டினி போடுவாளா என்று பக்கத்தைப் புரட்டுவீர்கள். ஆகவே பெயர் சொல்லியே எழுதுகிறேன்: சாய் மோய்.

(இடையில் ஒன்று. நான் எழுதக் கூடாத அந்தச் சொல்லால் நாம் கீரைக்காரியையும் கூப்பிடுகிறோம், பெற்ற மகளையும் கொஞ்சுகிறோம். "உங்களுக்குக் கல்லுல கால் இடிச்சாக்கூட அந்த வார்த்தை வந்துடுது. கொடுத்து வெச்சவங்க" என்று நியுக் யின் ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.)

3

அவள் வேலை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் இருக்கும் சொல்லை அவள் கேட்பாள். சாய் மோய் ஹக்காவில் சொல்வாள். நியுக் யின் அதைத் திருப்பிச் சொல்வாள். தொனி கொஞ்சம் பிசகினாலும் பொருள் மாறிவிடும் மொழி என்பதால், சரியா தப்பா என்று சாய் மோய் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அன்று உறவுமுறைச் சொற்கள். மாமா, அத்தை எல்லாம் முதல் தடவையிலேயே "சரி" வாங்கின. பிறகு ஒலிப்பதிவில் இது:

"அடுத்தது, பெத்தவளை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அப்புறம் சாய் மோய் மெதுவாக, "ஆமே."

நியுக் யின் திருப்பிச் சொல்லவில்லை.

"என்னடி வாயடைச்சுப் போச்சு? மத்ததெல்லாம் கிளி மாதிரி சொன்னியே."

"இது வேணாம் ஆசுக்மே. நீ சொன்னதே போதும்."

"திருப்பிச் சொல்றதுதானே? கூப்பிடுறதா என்ன? அந்த வித்தியாசம்கூடத் தெரியலைன்னா அது என்ன சாமி?"

"…ஆமே."

"தப்பு. இழுக்கக் கூடாது."

"ஆமே."

"இன்னும் வரலை. படிச்ச நாக்கு வளைய மாட்டேங்குது."

"ஆமே."

"தப்பு. இன்னொரு தடவை."

"விடு ஆசுக்மே, எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு. அடுத்தது, அப்பா."

"சரி, அடுத்தது" என்கிறாள் சாய் மோய். குரல் சட்டென்று சின்னதாகிவிடுகிறது.

ஆய்வேட்டில் நியுக் யின் ஒரு வரி எழுதினாள்: இச்சொல்லின் தொனியை ஆய்வாளரால் சரியாகப் பிடிக்க இயலவில்லை.

4

பல்கலைக்கழகத்தில் அவள் முதலாண்டு மாணவர்களுக்கு ஒலியியலும் நடத்துகிறாள். அடுத்த ஆண்டு, தப்பான தொனிக்கு உதாரணம் வேண்டும் என்று இந்தத் துண்டைத்தான் வெட்டி எடுத்துப் போனாள். சொல்லின் பொருளை அவர்களிடம் சொல்லவில்லை. எது எப்படித் தப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னாள்.

ஹக்கா தெரியாத ஸுரைடா கை தூக்கினாள். "டீச்சர், எதுவுமே தப்பு இல்லையே."

"நல்லாக் கேளும்மா."

(பாருங்கள், என் தமிழ் இங்கேயும் வந்து நிற்கிறது. வெட்ட மனமில்லை.)

"கேட்டுட்டேன் டீச்சர். பாட்டி சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது மூணு, நாலும் ஒரே மாதிரிதான். அந்தப் பாட்டி சும்மா உங்களைக் கலாய்க்கிறாங்க."

வகுப்பே சிரித்தது. நியுக் யின் நான்கு ஒலிகளின் தொனியையும் திரையில் வரைந்து காட்டினாள். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கோடுகளும் அப்படியே படிந்தன. மாணவர்கள் கைதட்டினார்கள். அவள் திரையைப் பார்த்தபடியே நின்றாள்.

சாய் மோய் மீது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. பதிவு செய்த நாளிலேயே காது மந்தமாகி, நிஜமாகவே தப்பாகக் கேட்டிருக்குமோ? இருக்காது. முன்னாலும் பின்னாலும் உள்ள சொற்களில் அவள் தீர்ப்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. முப்பது வருஷம் கேட்காததை மூன்று தடவை கேட்டாள், நாலாவதும் கேட்டிருப்பாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எனக்கு இந்த இடத்தில் அழுகை வருகிறது, கதைக்காரிக்கு அழகில்லை என்றாலும்.

5

முடிவு. அதற்குள் சாய் மோயின் காது முழுதாகப் போய்விட்டிருந்தது. கருவி மாட்டினாலும் இரைச்சல்தான்.

முதல் முடிவில் நியுக் யின், "வேணும்னேதான் தப்புன்னு சொன்னியா?" என்று எழுதிக் காட்டுகிறாள். செல்லாது. சாய் மோய்க்கு எழுத்து தெரியாது.

இரண்டாவதில் சாய் மோய் இறந்துவிடுகிறாள், சவப்பெட்டியின் மேல் விழுந்து நியுக் யின் அந்தச் சொல்லைக் கதறுகிறாள். எழுதிவிட்டுக் கிழித்தேன். என் வசதிக்காக ஒருத்தியைக் கொல்வதா?

நடந்தது இவ்வளவுதான். அந்த வகுப்பு நடந்த அன்று நான் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் சாய் மோயோடு உட்கார்ந்து, பாகற்காய்க்குள் மீன் விழுது அடைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலிருந்து நேரே வந்த நியுக் யின், செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே வந்து நின்றாள். சாய் மோய் நிமிர்ந்தாள். இப்போதெல்லாம் அவள் எல்லோருடைய உதட்டையும்தான் பார்க்கிறாள்.

"என்னடி, யாராச்சும் அடிச்சாங்களா?"

நியுக் யின் வாயைத் திறந்தாள். "ஆ" என்று வந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்புறம் என்ன என்று இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆசுக்மே என்றால் 'ஆ'வுக்கு அடுத்து உதடு ஒட்டாது. ஆமே என்றால் ஒட்டும். ஒட்டினால் சாய் மோய்க்குத் தெரிந்துவிடும். இந்த முறை அது திருப்பிச் சொல்வதும் இல்லை, கூப்பிடுவதுதான். அவள் முகம் மலரலாம். மகளுக்கு என்ன ஆகுமோ என்று பதறி அந்த வாயைப் பொத்தவும் செய்யலாம்.

உதடு ஒட்டாமலே பாட்டுக் கட்டிய புலவர்களின் மொழிக்காரர்கள் நீங்கள், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாய் மோய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'ஆ' சொல்லுங்கள். உதட்டை மூடுவதும் மூடாததும் இனி உங்கள் பாடு.